ஒரே நம்பரில் ஓடிய இரண்டு பிளசர்

பெத்தணன் மேஸ்திரியிடம் ஒன்றைக் கேட்டால் பதில் வருவதற்குள் ஒரு பீடி தீர்ந்துவிடும். கேட்டது காதில் விழுந்ததா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வந்து மறுபடி வாயைத் திறக்கும்போது, "அதத்தான் யோசிச்சிக்கிட்டிருக்கேன் தம்பி" என்பார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். ஒரு போல்ட்டு எந்த வண்டியுடையது என்று சொல்ல என்ன யோசனை வேண்டியிருக்கிறது என்று நினைப்பேன். பிறகு அந்த இரண்டு வண்டிகளின் கதை தெரிந்தபோது, இந்த மனிதர் இன்னும் சித்தம் கலங்காமல் இருப்பதே பெரிய காரியம் என்று தோன்றியது.

விருதுநகரில் சாத்தூர் ரோட்டு ஓரத்தில் அவருடைய ஷெட் இருந்தது. நான் திருத்தங்கலில் ஓர் அச்சாபீஸில் வேலை பார்த்தேன். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள் அடிக்கிற ஆபீஸ். எங்கள் சிநேகிதம் கழிவு அட்டையில் ஆரம்பித்தது. எஞ்சினில் இரண்டு இரும்பு சேருகிற இடத்தில் எண்ணெய் கசியாமல் இருக்க ஒரு பாக்கிங் வைப்பார்கள். பழைய அமெரிக்க வண்டிக்கு அந்தப் பாக்கிங் எந்தக் கடையிலும் கிடைக்காது. வெளிநாட்டுச் சாமான் கப்பலில் வருவதையே சர்க்கார் நிறுத்தி வைத்திருந்த காலம். அதனால் மேஸ்திரி சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் ஆபீஸுக்கு வந்து, சாயம் கூடிப்போய்க் கழித்த கெட்டி அட்டைகளை வாங்கிப் போவார். அதை அளவாக வெட்டி, வார்னிஷில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து மாட்டிவிடுவார். அவர் பிரித்துப் போட்டிருந்த ஓர் எஞ்சினுக்குள் ஒருநாள் எட்டிப் பார்த்தேன். நாங்கள் அடித்த 'கார் மார்க்' வெடி லேபிள் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. அதில் இருந்த கார் படத்தில் பாதியும் 414 என்ற நம்பரும் நன்றாகத் தெரிந்தன.

அந்தப் படத்தில் இருந்த காரும் அவர் பிரித்துப் போட்டிருந்த காரும் ஒன்றுதான். அப்படித்தான் அன்றைக்கு நான் நினைத்தேன்.

சண்டைக் காலத்தில் மேஸ்திரி பட்டாளத்தில் லாரி ஃபிட்டராக இருந்தவர். பர்மா எல்லையில் சேற்றில் புதைந்த அமெரிக்க லாரிகளைக் கயிறு கட்டி இழுத்து ஓட வைத்ததுதான் அவருடைய படிப்பு. ஊர் திரும்பியதும் ஷெட் போட்டார். 1947-இல் திருத்தங்கலில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த சோலைச்சாமி முதலாளி ஒரு கார் வாங்கினார். மதுரையில் ஒரு மில்லில் மானேஜராக இருந்த வெள்ளைக்காரர் கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப் போன பிளிமத். 1938-ஆம் வருஷத்து வண்டி. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் காரைக் கார் என்று யாரும் சொல்வதில்லை. பிளசர் என்றுதான் சொல்வோம். திருத்தங்கலில் அந்தப் பிளசர் நுழைந்த அன்றைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு வந்துவிட்டார்களாம்.

அந்த வருஷம்தான் முதலாளி சொந்தமாக வெடிக் கம்பெனி ஆரம்பித்தார். மார்க்குக்கு வேறு படம் தேடவில்லை. பிளசரையே நம்பரோடு வரைந்து லேபிளில் போடச் சொன்னார். நாக்பூர் வரைக்கும் கார் மார்க் என்றால்தான் வாங்குவோம் என்று வியாபாரிகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். வேறு மார்க் ஒட்டிப் போன லோடு திரும்பி வந்த கதையும் உண்டு. வண்டி வந்த ராசி என்று முதலாளி நம்பினார். வெள்ளிக்கிழமை தவறாமல் மனைவி சொர்ணலட்சுமியம்மாளை அதில் ஏற்றிக்கொண்டு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய் வருவார்.

ஆறு வருஷத்தில் வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. மேஸ்திரி பட்டாளத்தில் பழகிய டாட்ஜ் லாரியின் சாமான்கள் பலவும் பிளிமத்துக்குச் சேரும். அது தெரிந்த மனிதர் எங்கள் ஜில்லாவில் அவர் ஒருவர்தான். திருச்சியில் பட்டாளத்துச் சாமான் ஏலம், சென்னையில் புதுப்பேட்டை, கொழும்பிலிருந்து படகு ஏறி வந்தவர்களின் பெட்டி என்று தேடாத இடம் கிடையாது. ஆனால் லாரிக்காரர்கள் ஒவ்வொருவராக டீசல் எஞ்சினுக்கு மாறினார்கள். கழற்றிப் போட்ட பழைய எஞ்சின்கள் உருக்குவதற்குப் போயின. சாமான் வரும் ஊற்று வற்றிவிட்டது.

அப்போதுதான் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பண்ணை வீட்டு மாட்டுத் தொழுவத்தில் இன்னொரு பிளிமத் நிற்பதாகத் தகவல் வந்தது. அதே வருஷம், அதே அமைப்பு. பின் சீட்டில் கோழி அடைகாத்துக் கொண்டிருந்ததாம். வண்டிக்கான சர்க்கார் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. "புத்தகம் இல்லாட்டா என்ன, சாமானுக்கு ஆகும்" என்று முதலாளி அதை வாங்கி மேஸ்திரியின் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்.

சாமானுக்கு என்று வாங்கியதைச் சாமானாகவே வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மேஸ்திரிக்கு ஒரு வண்டி ஓடாமல் நிற்பதைப் பார்க்கப் பொறுக்காது. நாலு மாதத்தில் அதையும் உயிர் பெற வைத்துவிட்டார். முதலாளிக்கு ஒரே குஷி. பச்சையாக இருந்ததைக் கறுப்படிக்கச் சொன்னார். எது ஓடுகிறதோ அதில் 414 நம்பர் பலகையை மாட்ட வேண்டியது. மற்றது ஷெட்டில் நிற்கும். கதவுத் தூணில் வண்டி செய்த கம்பெனியின் எண் அடித்த ஒரு தகடு திருகப்பட்டிருக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்டால் காட்ட வேண்டியது. மேஸ்திரி அந்தத் தகட்டையும் கழற்றி, ஓடுகிற வண்டியில் மாட்டிவிடுவார். இப்படி எட்டு வருஷம் ஒரே நம்பரில் இரண்டு பிளசர் ஓடியது ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது.

அந்த எட்டு வருஷமும் மேஸ்திரி ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் மாட்டினார். கியர் பெட்டி அங்கிருந்து இங்கே, எஞ்சின் இங்கிருந்து அங்கே. கதவு ஒன்று மாட்டுவண்டி இடித்து நசுங்கியது. மற்றதன் கதவு வந்தது. இதெல்லாம் யாரும் செய்கிற வேலைதான். ஆனால் 1957-இல் ஒரு வண்டியின் அடிச்சட்டம் விரிசல் விட்டதால், இரண்டின் மேல்கூட்டையும் சங்கிலியில் தூக்கி இடம் மாற்றி வைத்தார். 1960-இல் மறுபடியும் தூக்கினார். அந்த வாரம் அவருக்குக் குளிர்காய்ச்சல். இறக்கும்போது பழையபடி வைத்தாரா, மாற்றியதை மாற்றியபடியே வைத்தாரா என்பது அவருக்கே நினைவில்லை. நினைவு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. இரண்டும் முதலாளி வண்டி. இரண்டும் ஓடினால் சரி.

இரண்டும் ஒரே சமயத்தில் ஓடாது என்பது வேறு விஷயம். எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும் டெல்கோ என்று ஒன்று உண்டு. அதன் மூடிக்குள் கட்டைவிரல் பருமனில் ரோட்டர் என்று ஒரு துண்டு சுற்றும். ஒரு வண்டியின் ரோட்டர் வெடித்துப்போனது. மேஸ்திரி மாட்டுக்கொம்பில் செதுக்கிப் பார்த்தார், மெழுகில் வேகவைத்த கட்டையில் செய்து பார்த்தார். ஒன்றும் நாலு மைலுக்கு மேல் தாங்கவில்லை. கடைசியில் மிஞ்சிய ஒரே ரோட்டரைத் துணியில் சுற்றி வேட்டி மடியில் வைத்துக்கொண்டார். எந்த வண்டி கிளம்ப வேண்டுமோ அதில் மாட்டுவார். திரும்பி வந்ததும் கழற்றி மடியில் கட்டிக்கொள்வார்.

1961 கடைசியில் சோலைச்சாமி முதலாளி படுக்கையில் விழுந்தார். மகன்கள் இருவர். மூத்தவர் சண்முகவேல், இளையவர் ரத்தினசாமி. அவர்களைக் கூப்பிட்டு, "நிலத்தையும் கம்பெனியையும் உங்க மாமன் பிரிச்சுக் குடுப்பான். மார்க்கை மட்டும் பிரிக்க முடியாது. நான் முத முதல்ல வாங்கின வண்டி யாருகிட்ட இருக்கோ, கார் மார்க்கு அவனுக்கு" என்றார். யாரிடம் வண்டி இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். இவ்வளவு கெட்டிக்கார மனிதர் போகிற நேரத்தில் இப்படி ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுப் போனாரே என்று எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

சொர்ணலட்சுமியம்மாளின் தம்பி செல்லச்சாமி பாகம் பிரித்தார். நிலம் சீட்டுக் குலுக்கிப் பிரிந்தது. கம்பெனி இரண்டு கம்பெனி ஆயிற்று. வண்டி ஆளுக்கொன்று என்றார்கள். ஷெட்டில் கிழக்கே நின்ற வண்டியின் கதவுத் தூணில் எண் தகடு இருந்தது. அதைப் பார்த்து, "இதுதான் அய்யா வாங்கின வண்டி, எனக்கு" என்றார் சண்முகவேல். முதலாளி கடைசியாகப் போய்வந்தது அதில் என்பதால் தகடு அங்கே இருந்தது, அவ்வளவுதான். மேற்கே நின்ற வண்டியைக் காட்டி, "அம்மா உக்காந்து போற சீட்டு இதுல இருக்கு, இதுதான் அய்யா வண்டி" என்றார் ரத்தினசாமி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை அன்றைக்கே நிறுத்தினார்கள்.

மறு வருஷம் தீபாவளி சீசன் நெருங்கியது. இரண்டு பேரும் எங்கள் அச்சாபீஸுக்கே கார் மார்க் லேபிளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். எங்கள் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். யாருக்கு அடித்தாலும் மற்றவர் கோர்ட்டுக்குப் போவார். இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம்.

செல்லச்சாமி நேரே மேஸ்திரியின் ஷெட்டுக்கு வந்தார். நான் அட்டை கொண்டு போயிருந்தேன்.

"பெத்தணா, ஒனக்குத் தெரியாம இருக்காது. எது மச்சான் வாங்கின வண்டி? சொல்லிரு."

மேஸ்திரி பீடியைப் பற்ற வைத்தார். பீடி தீர்ந்தது. "யோசிச்சுச் சொல்றேங்கய்யா" என்றார்.

"இங்கன சொல்ல வேணாம். ஒருத்தன் ஒன்னைய வெலைக்கு வாங்கிட்டான்னு இன்னொருத்தன் சொல்லுவான். வர்ற செவ்வாக்கிழமை ரெண்டு வண்டியையும் இருக்கன்குடிக்குக் கொண்டாந்துரு. ஆத்தா முன்னால சூடத்தக் கொளுத்தி, வண்டியத் தொட்டுச் சொல்லிட்டு, கையால அணைச்சுச் சத்தியம் பண்ணிரு. ரெண்டு பேரும் கட்டுப்படுறோம்னு சொல்லிட்டானுக."

அவர் போன பிறகு மேஸ்திரி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இடது கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. அழுகை என்று நினைத்துவிட வேண்டாம். ஆறு மாதமாக அந்தக் கண்ணில் அவருக்கு நீர் வடிகிறது, பார்வை மங்குகிறது. இருக்கன்குடி மாரியம்மன் கண் நோய் தீர்க்கிறவள். அவர் மனைவி ராமுத்தாய் வெள்ளியில் கண்மலர் செய்து வைப்பதாக நேர்ந்திருந்தாள். அதே ஆத்தாள் முன்னால் நின்று பொய்ச்சத்தியம் செய்தால் கண்ணைக் கேட்பாள் என்பதில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஒரு கண் மங்கியதற்கே சின்ன ஸ்க்ரூக்களைத் தடவித் தடவிப் பிடிக்கிறவர், இன்னொன்றும் போனால் என்ன செய்வார்.

மறுநாளிலிருந்து அவர் ரிப்பேருக்கு வரும் லாரிகளையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு அந்த இரண்டு வண்டிகளையும் பிரிக்க ஆரம்பித்தார். நான் ஞாயிற்றுக்கிழமை போனபோது ஷெட் முழுக்கத் தார்ப்பாய் விரித்துச் சாமான்களைப் பரப்பியிருந்தார். கையில் சாக்கட்டி. முதலாளி முதலில் வாங்கிய வண்டியுடையதில் ஒன்று என்று போட்டார். வெம்பக்கோட்டை வண்டியுடையதில் இரண்டு என்று போட்டார். ராமுத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் செய்கிற வேலையை அன்றைக்கு ஷெட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

"ஏ ராமுத்தாயி, இந்த ரேடியேட்டர நான் எப்ப மாத்துனேன்?"

"நம்ம மக சோலையம்மாளுக்குக் காது குத்துன வருசம். மொட்டைக்குப் போகயில வழியில ஆவி அடிச்சு நின்னுச்சே."

"அப்ப இது ரெண்டு." சாக்கட்டியால் எழுதினார். உடனே நிறுத்தினார். "இல்ல, அன்னைக்கு நின்ன வண்டியிலதான இது இருந்துச்சு? எடுத்து அதுலயிருந்து இதுக்கு..." கையால் காற்றில் இங்கும் அங்கும் காட்டிக்கொண்டே நின்றுவிட்டார்.

எழுதினார், அழித்தார். எதிலும் சேராத சாமான்கள் தனியாக இருந்தன. பட்டாளத்து லாரியுடையவை, புதுப்பேட்டையில் பொறுக்கியவை, விருதுநகர் பட்டறையில் கடைந்தவை, அவரே அரத்தால் ராவியவை, எங்கள் லேபிள் அட்டையில் வெட்டியவை. அவற்றுக்கு வட்டம் போட்டார். சாயங்காலம் ஆகும்போது பார்த்தால் எங்கு பார்த்தாலும் வட்டமாக இருந்தது. ஒன்றும் இரண்டும் ஓரத்தில் கொஞ்சமாக ஒதுங்கிக் கிடந்தன.

"தம்பி, நீங்க படிச்சவுக. நீங்க சொல்லுங்க. எதைத் தொட்டு நான் சத்தியம் பண்ண? சட்டத்தையா, கூட்டையா, எஞ்சினையா? வண்டின்னா எது?"

நான் படித்தது எட்டாம் வகுப்பு. அச்சுக் கோர்க்கிற பழக்கத்தில் எதையும் தலைகீழாக வாசிப்பேன். இந்தக் கேள்விக்கு அந்தப் படிப்பு உதவவில்லை. எனக்கே தலை சுற்றியது என்று உண்மையைச் சொன்னேன்.

ராமுத்தாய் பசைக் கிண்ணத்தை ஒதுக்கி வைத்தாள். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டு வாங்களேன்."

"கூறு கெட்டவளே, தெரியலைன்னு எவனாச்சும் சத்தியம் பண்ணுவானா? அதுக்கா இம்புட்டுப் பேரு அங்கன வர்றாக?"

"தெரியும்னு சொன்னாத்தான் பொய்யி. கண்ணு ரெண்டும் வேணும்னா யோசிச்சுக்கோங்க."

அவர் ஈரத்துணியை எடுத்துச் சாக்கட்டி எழுத்தையெல்லாம் துடைத்தார். தூக்கம் இல்லாமல் உட்கார்ந்து திங்கட்கிழமை இரவுக்குள் இரண்டு வண்டிகளையும் பூட்டி நிறுத்திவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் கிழக்கு வண்டியில் நம்பர் பலகையையும் ரோட்டரையும் மாட்டி இருக்கன்குடிக்கு ஓட்டிப்போனார். அங்கே நிறுத்திவிட்டு ரோட்டரை மடியிலும் நம்பர் பலகையைப் பையிலும் வைத்துக்கொண்டு, சாத்தூர் வந்து பஸ் பிடித்து விருதுநகர் திரும்பினார். மேற்கு வண்டியில் அவற்றை மாட்டி மறுபடி கிளம்பினார். அந்த நடையில் நானும் ஏறிக்கொண்டேன். தீர்ப்பு என்ன என்று கேட்டு வந்தால்தான் இயந்திரத்தை ஓட்ட முடியும் என்று எங்கள் முதலாளி என்னை அனுப்பியிருந்தார். மேஸ்திரி போய் நின்றதும் மூடியைத் திறந்து ரோட்டரைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டார். அது கைப்பழக்கம்.

ஆடிக் கூட்டம் வடிந்திருந்தாலும் செவ்வாய்க்கிழமை என்பதால் ஆற்று மணலில் நல்ல சனம். இரண்டு கறுப்பு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றதைப் பார்த்து ஆளாளுக்குக் கூடிவிட்டார்கள். நம்பர் பலகை இப்போது மேற்கு வண்டியில் இருப்பதைப் பார்த்துச் சண்முகவேலுக்கு முகம் சிவந்தது. "காலையில என் வண்டியிலல்ல இருந்துச்சு?" என்றார். 

செல்லச்சாமி ஒரு தட்டில் சூடத்தைக் கட்டியாக வைத்துக் கொளுத்தினார். "பெத்தணா, ஆத்தாவ நெனச்சுக்கிட்டுச் சொல்லு."

மேஸ்திரி இரண்டு வண்டிகளையும் பார்த்தார். கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக நின்றார். அப்போது மணலில் ஓரமாக உட்கார்ந்திருந்த சொர்ணலட்சுமியம்மாள் எழுந்தார். அதுவரை ஒருவரும் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. வெள்ளைச் சேலையைப் போர்த்திக்கொண்டு மேற்கு வண்டியின் பின்கதவைத் திறந்து, சீட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னார். அடிப்பக்கத்தில் கிழிசலைச் சிவப்பு நூலால் தைத்திருந்தது.

"இது நான் தச்சது. வண்டி வாங்கின வருசமே தச்சேன். இதுதான் அவுக வண்டி."

கூட்டம் மூச்சு விட்டது. ரத்தினசாமி கையெடுத்துக் கும்பிட்டார். சண்முகவேல் தலையைக் குனிந்துகொண்டார். தாயே சொன்ன பிறகு அவர் என்ன செய்வார்.

"பெறகென்ன, அக்காவே சொல்லிட்டாக. நீ ஆமான்னு சொல்லி அணைச்சுரு பெத்தணா" என்றார் செல்லச்சாமி.

நான் அவரை ஒட்டி நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், 'ஆமா' என்று சொல்லிவிட்டு வாருமய்யா என்று என் மனசு அடித்துக்கொண்டது. இதைவிட லேசான வழி யாருக்கும் வாய்க்காது. அவர் கையைச் சூடத்துக்கு மேலே கொண்டுபோனார். கை பாதியில் நின்றது.

"அம்மா, மன்னிச்சிருங்க" என்றார். "அந்தச் சீட்ட நாந்தான் மாத்துனேன். அம்பத்தெட்டுல இந்த வண்டி சீட்ட எலி தின்னுருச்சு. அதுலயிருந்து எடுத்து இதுல போட்டேன்."

"அப்ப அதுதான் அய்யா வண்டி" என்று சண்முகவேல் தலை நிமிர்ந்தார்.

"அதுவும் சொல்ல முடியாது முதலாளி. அதுக்கு முந்தியே கூட்டத் தூக்கிச் சட்டத்த மாத்திட்டேன். அறுவதுல மறுபடி தூக்குனேன். பழையபடி வச்சனா இல்லையான்னு எனக்கு நெனப்பில்ல. காச்சல்ல கெடந்தேன். எஞ்சின் அங்கயிருந்து இங்க வந்துச்சு. கியர் பெட்டி இங்கயிருந்து அங்க போச்சு. பாதிக்கு மேல ரெண்டு வண்டியோடதும் இல்ல, நான் கண்ட எடத்துல பொறுக்கி மாட்டுனது. நாலஞ்சு நாளா பிரிச்சுப் போட்டுப் பாத்தேன். எனக்குத் தெரியல." சூடம் பாதி எரிந்திருந்தது. "எனக்குத் தெரியல. ஆத்தா அறிய, இதுதான் சத்தியம்."

சொல்லிவிட்டு உள்ளங்கையால் அணைத்தார்.

அந்தக் கோயில் வாசலில் எத்தனையோ பேர் சத்தியம் செய்திருப்பார்கள். தெரியாது என்று ஒருவன் சூடம் அணைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். இது செல்லுமா செல்லாதா என்று செல்லச்சாமி பூசாரியைப் பார்த்தார். பூசாரி வேறு பக்கம் பார்த்தார். ரத்தினசாமிக்குக் கோபம் தாங்கவில்லை. "ஒன்னைய யாரு சீட்டப் பத்திக் கேட்டா?" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"ஏலே, நில்லு" என்றார் சொர்ணலட்சுமியம்மாள். "எனக்கும் தெரியாதுலே. சீட்ட மாத்துனது மட்டும் அன்னைக்கே எனக்குத் தெரியும். உக்காந்தா தெரியாதா. உங்க அய்யாவும் படுக்கையில கெடந்து எங்கிட்ட இதத்தான் கேட்டாக. 'சொர்ணம், நம்ம வண்டி எது'ன்னு. அவுகளுக்கே தெரியலலே. நான் சீட்டு இருக்கிறதுதான்னு சொன்னேன். சரின்னு கண்ண மூடுனாக. அதையே இங்கயும் சொன்னா நீங்களும் அடங்கிருவீகன்னு நெனச்சேன்." மேஸ்திரியைப் பார்த்தார். "ஆத்தா முன்னால தெரியலைன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல பெத்தணா. ஒனக்கு வந்துச்சு."

 மேஸ்திரி சுட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றார். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள். செல்லச்சாமி தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப மார்க்கு ரெண்டு பேருக்கும்தான். வேற என்ன செய்யச் சொல்றீக" என்றார். அவர் குரலிலும் தெளிவு இல்லை. 

கூட்டம் கலைந்தது. கிளம்ப வேண்டும். சண்முகவேல் கிழக்கு வண்டியின் முன் சீட்டிலும் ரத்தினசாமி மேற்கு வண்டியின் முன் சீட்டிலும் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மேஸ்திரி இரண்டுக்கும் நடுவே மணலில் நின்றார். மடியை அவிழ்த்துத் துணியைப் பிரித்தார். உள்ளே ஒரே ஒரு ரோட்டர். அவர் அதைப் பார்த்தார், இந்த வண்டியைப் பார்த்தார், அந்த வண்டியைப் பார்த்தார். தன்னிடம் இருப்பது ஒன்றுதான் என்பதை அவர் அவர்களிடம் விளக்கிச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. முதலில் மூத்தவர் இறங்கினார். கொஞ்சம் கழித்து இளையவரும் இறங்கினார்.

"எதுல போடட்டும்மா?" என்று மேஸ்திரி அந்த அம்மாளிடம் கேட்டார்.

"எதுலயாவது போடுய்யா. வீட்டுக்குப் போகணும்."

ஒரு வண்டியில் போட்டார். அண்ணனும் தம்பியும் என்ன செய்வார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்ததில், அது எந்த வண்டி என்று நான் கவனிக்கவில்லை. அம்மாள் பின்னால் ஏறினார். இந்தப் பக்கம் ஒரு மகனும் அந்தப் பக்கம் ஒரு மகனும் ஏறிக்கொண்டார்கள். செல்லச்சாமி முன்னால் மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி ஆற்று மணலைத் தாண்டி ரோட்டில் ஏறும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

அந்தச் சீசனுக்கு இருவருக்கும் லேபிள் அடித்தோம். மூத்தவருக்குக் கார் இடப்பக்கம் பார்க்கும், இளையவருக்கு வலப்பக்கம் பார்க்கும். நம்பர் இரண்டிலும் 414. மேஸ்திரியின் கண்ணுக்கு ராமுத்தாய் தை மாதம் கண்மலர் செய்து வைத்தாள். இடது கண் தெளியவில்லை, ஆனால் மேலும் மங்கவும் இல்லை.

சில வருஷம் கழித்து ஒருநாள் அட்டை கொடுக்கப் போனபோது கேட்டேன். "அன்னைக்கு இருக்கன்குடியில ரோட்டர எந்த வண்டியில போட்டீங்க மேஸ்திரி?"

அவர் பீடியைப் பற்ற வைத்தார். நான் காத்திருந்தேன். பீடி தீர்ந்தது.

"அதத்தான் தம்பி நானும் யோசிச்சிக்கிட்டிருக்கேன்" என்றார்.